திருப்திபுரத்தில் விழுந்த ஜெபக்கைகள்

திருப்திபுரத்தில் முதல் ஜெபக்கை விழுந்தது சுகிர்தா வீட்டு வாசற்படியில்தான். அவள் அப்போது அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு, கட்டிலில் வலப்புறமாகக் கிடந்த புருஷனை இடப்புறமாகப் புரட்டிப் போடத் தெம்பில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று சொல்லியபடியே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. படியில் இரண்டு கைகள் மட்டும் இருந்தன. மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தன, விரலோடு விரல் ஒட்டிக் கூப்பியபடி, மஞ்சள் பூசிக் குளித்ததைப்போன்ற நிறத்தில், மணிக்கட்டில் நீலச் சட்டையின் விளிம்போடு. தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அறுபட்ட இடம் என்று எதுவும் இல்லை, புதுச் சோப்புக் கட்டியின் அடிப்பக்கம்போல வழவழவென்று முடிந்திருந்தது. யார் வீட்டுக் கையோ, தேடிக்கொண்டு வருவார்கள் என்று அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். அடுத்த தொப் கேட்டது.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் சபையின் ஜெபக் குழுவில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். துபாயில் நர்ஸாக இருக்கும் மகள் அனுப்பிய போனில், எழுத்து எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் இப்படி எழுதியிருந்தாள்: வீட்டுக்காரருக்கு வலது பக்கம் வரவில்லை, புரட்டிப் போட ஆள் இல்லை, ஜெபித்துக்கொள்ளவும். அதற்குக் கீழே, வழக்கம்போல, கூப்பிய கைப் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு படம் போனில் வந்தது, ஒரு கை முற்றத்தில் விழுந்தது. இரண்டு படம் வந்தது, இரண்டு கை விழுந்தது. பக்கத்து வீட்டுப் பொன்மலர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நின்றபடி போனைத் தட்டுவதை சுகிர்தா சன்னல் வழியாகப் பார்த்தாள். பொன்மலர் கட்டைவிரலை எடுத்தாள், சுகிர்தாவின் துளசிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கை விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு சுவர்தான். கை அந்தச் சுவரைத் தாண்டிவிட்டது, பொன்மலர் தாண்டவில்லை.

சுகிர்தாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இத்தனை பேர் இத்தனை நாளாக ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒருநாள் எங்கேயாவது போய் விழத்தானே செய்யும் என்று நினைத்தாள். கஞ்சி பொங்கும் வாசம் வந்தது, உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய புருஷன் ஆசீர் லோடு வண்டி ஓட்டினவர். ஊர்க்காரர்கள் குட்டியானை என்று செல்லமாகக் கூப்பிடும் அந்தச் சின்ன வண்டியில், கல்யாண வீட்டுப் பந்தல் கம்பிகள், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் அண்டாக்கள், வீடு மாறுகிறவர்களின் பீரோக்கள், போதகர் மாற்றலாகி வரும்போது அவருடைய புத்தகப் பெட்டிகள், போகும்போது அதே பெட்டிகள் என்று திருப்திபுரத்தில் தூக்க வேண்டியது எதுவானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், புண் ஆழமாகப் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். எத்தனை ஆள் இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஆசீர் நல்ல கனமான மனிதர். சுகிர்தாவோ கனம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவள்.

திருப்திபுரத்தில் ஒரு காலத்தில் யாராவது படுத்துவிட்டால் சபையார் வீட்டு ஜெபத்துக்கு வருவார்கள். அந்த ஜெபத்தை யாரும் பெரிதாகப் புகழ்ந்துவிட முடியாது. சர்க்கரை டப்பா காலியாகும். யாராவது ஒருவர் இஸ்ரவேல் தேசத்தில் தொடங்கி மாவட்ட ஆட்சியர் வரைக்கும் ஒவ்வொருவராக ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்து முடிப்பதற்குள் நோயாளி மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கிடப்பார். கண்ணை மூடச் சொன்ன நேரத்தில் பாதிப் பேர் சன்னல் திரையின் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். ஆனால் ஜெபம் அவ்வளவு நீளமாக இருந்ததாலேயே வந்தவர்களுக்குக் கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. ஒருத்தி பாத்திரத்தைக் கழுவிப் போடுவாள், ஒருத்தி போர்வையை உதறுவாள், இரண்டு ஆண்கள் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பார்கள், போகும்போது யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பிறகு ஊரெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் ஜெபம் போனுக்குள் போனது. காய்ச்சல் போய்விட்டது, ஜெபம் வெளியே வரவில்லை.

வீட்டு ஜெபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதாமாதம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வருகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் சபைக் கமிட்டிக்கு வெட்கமாகப் போயிற்று. சபைச் செயலரான ஞானதுரை சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவில் ஒரு கை போடுவதும் வீட்டுக்கு நேரில் வருவதும் ஒன்றே என்று தீர்மானம் கொண்டுவந்தார். கமிட்டி ஒருமனதாகக் கையைத் தூக்கியது, அந்தக் கமிட்டி கடைசியாகக் கையைத் தூக்கியது அன்றைக்குத்தான் என்று டீக்கடை மாடசாமி பிற்பாடு சொன்னான். அடுத்த மாதமே வருகை முந்நூறைத் தாண்டியது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஆண்டு முடிவில் அதிகக் கை போட்டவருக்கு ஜெப வீரர் பட்டமும் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுத்தார்கள். பொன்மலர் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட கேரியர்கள் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. யாருக்கும் சோறு கொண்டுபோக அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஊரெல்லாம் கைகளாகக் கிடந்தது. ஆஸ்திரேலியா விசாவுக்காக விண்ணப்பம் போட்டிருந்த வீட்டில் மாட்டுத்தொழுவம் நிறையக் கிடந்தது. நீட் தேர்வு எழுதும் பெண்ணின் வீட்டு மொட்டைமாடியில் கிடந்தது. முட்டி வலிக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்த ஞானதுரை சார் வீட்டில், அவர் கமிட்டிச் செயலர் என்பதால், வாசலை மறைக்கிற அளவுக்குக் கிடந்தது. எதிர்த்தெருப் பெந்தெகோஸ்தே சபைக்காரர்களுக்கு விழுந்தவை கூப்பிய கைகள் அல்ல, மேலே தூக்கிய ஒற்றைக் கைகள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் தங்களுடைய ஆவிதான் பெரியது என்று இரண்டு நாள் மைக் கட்டிப் பேசினார்கள்.

முதல் வாரம் பெருமையில் கழிந்தது. யார் வீட்டுக் குவியல் உயரம் என்று பார்த்துக்கொண்டே சனங்கள் தெருவில் நடந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கைகள் குறைவாக இருக்கிறதே என்று முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். குவியல் சிறுத்துக் கிடந்தவர்கள், அவசர அவசரமாக ஒரு நோயையாவது ஒரு வழக்கையாவது கண்டுபிடித்துக் குழுவில் போட்டார்கள். சுகிர்தாவின் முற்றத்தைப் பார்க்கத்தான் அதிகக் கூட்டம் வந்தது. வாசலுக்கு வெளியே நின்று, போனை உயர்த்திப் பிடித்து, குவியலும் தங்கள் முகமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தார்கள். உள்ளே ஆசீர் முனகுவது அவர்களுக்குக் கேட்டது. பாவம் என்றார்கள். அந்தப் படத்தைக் குழுவில் போட்டார்கள். படத்துக்கு விழுந்த கைகள் படம் எடுத்தவர்கள் வீட்டில் போய் விழுந்தன.

பொன்மலர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தாள். அவள் ஆசீருக்குச் சித்தப்பா மகள், அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள் என்று ஊரில் பெயர்.

“மைனி, உங்களுக்குக் கொள்ளைக் கை வந்துருக்கே. ஞானதுரை சார் வீட்டுலகூட இம்புட்டு இல்ல.”

“உள்ள வாயேன் மலரு. அண்ணனை ஒருக்கப் புரட்டணும்.”

“இந்தா வாரேன் மைனி” என்றாள் பொன்மலர். அந்த நேரம் பார்த்து அவள் கையில் இருந்த போன் கிணுகிணுத்தது. சிவகாசியில் யாரோ ஒருத்தருக்குச் சிறுநீரகக் கல். அவள் ஒரு கை போட்டாள். அடுத்தது ஓசூரில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதற்கும் போட்டாள். மனது இளகியவள், எதையும் விட்டுவிட மாட்டாள். அப்படியே போட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனவள் அன்றைக்கு வரவில்லை.

இரண்டாவது வாரம் ஊர் அந்தக் கைகளை ஏதாவது வேலைக்குப் பயன்படுத்தப் பார்த்தது. வாழைத்தோட்டக்காரர் ஒருவர் களை பிடுங்க வைத்துப் பார்த்தார். கைகள் வரப்பில் பக்தியாக நின்றன, களை வளர்ந்தது. விரல்களைப் பிரிக்க முடியுமா என்று இரண்டு பேர் கடப்பாரையை விட்டு நெம்பினார்கள், கடப்பாரைதான் வளைந்தது. மாடசாமி ஒரு சோடிக் கையை வாங்கிப்போய் கண்ணாடி டம்ளர் கழுவும் வாளிக்குள் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தானே கழுவினான். அவன் சாமி வேறு, அதனால் அவனுக்கு வேலை செய்யாது என்று சபையார் விளக்கம் சொன்னார்கள். அப்ப உங்களுக்கு எப்படிச் செய்யுது என்று அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், அவனிடம் ஒரு மாதம் யாரும் டீ குடிக்கவில்லை. கடைசியில் கோழிகள்தான் அந்தக் கைகளால் பயன் பெற்றன. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் முட்டை இட்டன, வெதுவெதுப்பாக இருந்ததால் அடைகாக்காமலே குஞ்சு பொரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் இதைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், குரல் வளம் உள்ளவர், பிரசங்கத்தை நேரலையில் விடுவதால் இப்போதெல்லாம் கேமராவைப் பார்த்தே பேசுவார். நம்முடைய ஜெபங்கள் கண்ணுக்குத் தெரிகிற காலத்தில் வாழ்கிறோம் என்றார். ஒரு வசனத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார், எல்லாரும் போனை எடுத்தார்கள். வசனத்தைத் தேடிப் போனவர்களில் சிலர் வழியில் பட்டுச்சேலைத் தள்ளுபடியைப் பார்த்து நின்றுவிட்டார்கள், சிலர் கிரிக்கெட் ஸ்கோரில் இறங்கிவிட்டார்கள், போய்ச் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் இரண்டொருவர். வாலிபர்கள் ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டே அதே ஆராதனையைப் போனில் பார்த்தார்கள், அதில் சத்தம் தெளிவாகக் கேட்கிறதாம். போதகர் ஆமென் என்று முடித்தபோது பலிபீடத்துக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த கைகள் எல்லாம் லேசாக ஒருமுறை நடுங்கின. அதையும் படம் எடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் இடம் போதவில்லை. கைகளை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. எரிக்கலாம் என்றார் ஒருவர், ஜெபத்தை எரிப்பதா என்று அடக்கிவிட்டார்கள். புதைக்கலாம் என்றால், அடக்க ஆராதனை வைக்காமல் எப்படிப் புதைப்பது, வைத்தால் யாருக்கென்று வைப்பது என்ற கேள்வி வந்தது. குளத்தில் போடலாம் என்றபோது குளத்து நீரைக் குடிக்கும் கீழூர்க்காரர்கள் அருவாளோடு வந்துவிடுவார்கள் என்று தெரிந்தது. ஆகவே முடிவு வரும்வரை யாரும் ஒரு கையைக்கூட விழுந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று ஞானதுரை சார் அறிவிப்புப் போட்டார். அந்த அறிவிப்பை ஏற்றுக்கொள்வதற்கு அடையாளமாக எல்லாரும் அதற்குக் கீழே கை போட்டார்கள்.

சுகிர்தாவின் முற்றத்தில் அதற்குள் குவியல் சன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் நாள்தோறும் குழுவில் இன்னும் அப்படியேதான் இருக்கிறார் என்று எழுதினாள், நாள்தோறும் கைகள் வந்தன. முதலில் துளசி மறைந்தது. பிறகு வாசல் கேட்டைத் திறக்க முடியவில்லை. கைகால்களை அசைத்துவிட பைக்கில் வரும் பிசியோதெரபித் தம்பி இரண்டு தடவை வந்து குவியலைப் பார்த்துவிட்டு, உங்க ஊர்ல ரொம்ப நல்ல ஆட்கள்க்கா என்று சொல்லித் திரும்பிப் போனான், மூன்றாவது தடவை வரவில்லை. மகள் துபாயிலிருந்து கூப்பிட்டு அழுதாள், லீவு கேட்டிருக்கிறேன் என்றாள். சுகிர்தா முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, போர்வையை இழுத்து இழுத்து, ஆசீரைக் கால்வாசி புரட்டுவாள். மீதி முக்கால்வாசிக்கு அவளிடம் உடம்பு இல்லை.

அந்த நாட்களில் அவளைப் பயமுறுத்திய விஷயம் இன்னொன்றும் உண்டு. ஒருநாள் மத்தியானம் ஆசீர் தூங்கும்போது, ஆண்டவரிடம் இதைச் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தாள். குழுவில் சொன்னது நினைவிருந்தது. எந்த வார்த்தை போட்டு எழுதினாள், யார் யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் ஒன்றும் போடவில்லை என்பதுவரை நினைவிருந்தது. ஆண்டவரிடம் சொன்னது மட்டும் நினைவில் இல்லை. கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் போனின் வெளிச்சம்தான் நீலமாகத் தெரிந்தது.

புண் முதலில் இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பாக வந்தது, அப்புறம் கறுத்தது, அப்புறம் வாடை வந்தது. ஒரு காலையில் ஆசீரின் நெற்றி அடுப்புக்கல்லாகக் கொதித்தது, வாயிலிருந்து வந்த பேச்சும் குழறி, யாரிடமோ அண்டாவை மெதுவாக இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையில் கைகள் வழியை அடைத்துக் கிடந்ததால் மெயின்ரோட்டிலேயே நின்றுகொண்டு, ஆளை இங்கே தூக்கிக்கொண்டு வரச் சொன்னது. அதில் வந்திருந்தது டிரைவரும் ஒரு மெலிந்த பெண்ணும்தான். கொஞ்ச நேரம்தான் நிற்க முடியும் என்றார்கள். சுகிர்தா குழுவில் எழுதினாள்: கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும், உடனே வாங்க, ஜெபம் வேண்டாம்.

மூன்று நிமிடத்துக்குள் நூற்றுச் சொச்சம் கைகள் ஓட்டின்மேல் விழுந்து உருண்டன. ஜெபம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாளே, விசுவாசம் குறைந்துபோயிற்று போல என்று வருத்தப்பட்டு, அவளுடைய விசுவாசத்துக்காகத் தனியாக ஒருவர் விண்ணப்பம் போட்டார். அதற்கும் விழுந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டது.

சுகிர்தா போனைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சன்னல் வழியாக வெளியே இறங்கிக் குவியலின்மேல் ஏறினாள். காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக, சறுக்கலாக இருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு கைக்கும் மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தாள், சுவரைத் தாண்டுவதற்குள் சொல்வதை விட்டுவிட்டாள். தெருவில் இறங்கி ஆலயத்தை நோக்கி ஓடினாள்.

திருப்திபுரம் ஆலயத்தில் மணியை இப்போது யாரும் அடிப்பதில்லை. மணிச் சத்தத்தைப் பதிவு செய்து, நேரம் குறித்து, தானாகவே ஒலிபெருக்கியில் கேட்கும்படி செய்துவிட்டார்கள். சாவு மணியை மட்டும் பதிவு செய்யவில்லை. ஒற்றை ஒற்றையாக, இடைவிட்டு இடைவிட்டு அடிக்கும் அந்த மணியை யாருக்காக அடிப்பதாகப் பாவித்துப் பதிவு செய்வது என்ற கேள்விக்கு ஒருவரும் தன் பெயரைத் தரவில்லை. அதனால் கோபுரத்துக்குள் பழைய கயிறு அப்படியே தொங்கியது. திருப்திபுரத்தில் அந்த மணி கேட்டால் எல்லாரும் கிளம்பி வருவார்கள். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட ஊர் மன்னிக்கும், துட்டி வீட்டுக்கு நேரில் வராதவன் வீட்டில் சாவு விழும்போது யாரும் போகமாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கமிட்டி எந்தத் தீர்மானமும் கொண்டுவரவில்லை.

சுகிர்தா கயிற்றைப் பிடித்தாள். அதுவரைக்கும் அவள் வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. நான் வாயால் ஒன்றும் சொல்லப்போவதில்லையே, மணியைத்தானே அடிக்கிறேன் என்று நியாயம் தேடினாள், அது நியாயமாகப் படவில்லை. அதனால் கண்ணை மூடாமலே, மேலே தெரிந்த மணியின் கறுத்த வாயைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆண்டவரே, பொய் மணி அடிக்கப்போறேன். பாவத்தை என் கணக்குல எழுதிக்கிடும். ஆளை மட்டும் அனுப்பும்.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் செய்த ஜெபம் அதுதான். அதற்கு யாரும் கை போடவில்லை.

முதல் ஒலிக்கு ஊர் போனிலிருந்து தலையைத் தூக்கியது. இரண்டாவதற்கு யார் என்று கேட்டது. மூன்றாவதற்கு ஆசீராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டது. பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு மாராப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். ஆண்கள் தோளில் துண்டைப் போட்டார்கள். ஒருவர் ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினார், ஒருவர் பெஞ்சுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார், மாடசாமி ஒரு கேன் நிறையக் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்தான், ஞானதுரை சார் சவப்பெட்டியின்மேல் போர்த்தும் கறுப்புத் துணியை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது குவியல் வழியை மறித்தது.

உடலை எடுக்க வழி வேண்டுமே. முதல் ஆள் யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவர் குனிந்து ஒரு கையை எடுத்துத் தள்ளிப் போட்டார், அடுத்தவர் இரண்டை எடுத்தார், பிறகு வரிசையாக நின்று, சித்தாள்கள் செங்கல் மாற்றுவதுபோல, கைமாற்றிக் கைமாற்றித் தெருவோரத்தில் எறிந்தார்கள். கமிட்டியின் அறிவிப்பை எழுதிய ஞானதுரை சார் கறுப்புத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் நாலு கை எறிந்தார். ஒன்றைக்கூட அசைக்கக் கூடாதென்று கிடந்த ஜெபம் காப்பி ஆறுவதற்குள் விலகிவிட்டது.

பொன்மலர்தான் முதலில் உள்ளே ஓடினாள். தலையிலடித்துக்கொண்டு கட்டில் காலைக் கட்டிப்பிடித்து, போயிட்டியே அண்ணே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். காய்ச்சலில் சிவந்த கண்ணைத் திறந்து ஆசீர் அவளைப் பார்த்தார்.

“இன்னும் போகல மலரு” என்றார், கோணிய வாயால்.

ஒப்பாரி பாதியில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. மூச்சிரைக்க ஓடி வந்த சுகிர்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

“மணியை யார் அடிச்சது?” என்று கேட்டார் ஞானதுரை சார்.

“நான்தான் அடிச்சேன். என்னைய அப்புறமா விசாரிங்க சார். செத்திருந்தா தூக்கத்தானே வந்தீங்க? நாலு பேர் நாலு காலைப் பிடிங்க. இப்பமே தூக்கினா பிழைச்சுக்கிடுவாரு.”

சாவுக்கு என்று கிளம்பி வந்த உடம்புகள், சாவு இல்லை என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. இரண்டொருவரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குள் போனைத் தேடியது. ஆனால் துட்டி வீட்டுக்குப் போன் கொண்டுவரும் வழக்கம் திருப்திபுரத்தில் இல்லை, எல்லாரும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எடுக்க ஒன்றும் இல்லாத கைகள் கொஞ்ச நேரம் காற்றில் தொங்கின. பிறகு மாடசாமி காப்பிக் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தான். மாடசாமி பிடித்துவிட்டான் என்பதற்காகவே சபையார் இருவர் பிடித்தார்கள். நாலாவது காலுக்குப் பக்கத்தில், எப்போதும் பெட்டி தூக்கும்போது நிற்கும் இடத்தில், ஞானதுரை சார் நின்றுகொண்டிருந்தார். அவர் கறுப்புத் துணியைப் பொன்மலரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அவருடைய முட்டி மடக்கென்று சொடுக்கியது எல்லாருக்கும் கேட்டது.

கட்டிலைத் தெருமுனை தாண்டித் தூக்கிப்போய், மெயின்ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஆசீரின் குட்டியானையிலேயே ஏற்றினார்கள். மாடசாமி ஓட்டினான். பின்னால் கட்டிலைப் பிடித்தபடி சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போது ஆசீர் கண்ணைத் திறந்தார்.

“எனக்கா அடிச்ச?”

“ஆமா.”

“இடைவெளி சரியா விட்டு அடிச்ச” என்றார்.

ஆஸ்பத்திரியில் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது, கொஞ்ச நாள் கழித்துக் காற்று மெத்தையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் கமிட்டி கூடி, உயிரோடு இருக்கிற அங்கத்தினருக்குச் சாவு மணி அடித்தது ஒழுங்கு மீறல் என்றும், அதைச் செயலரின் முன் அனுமதி இல்லாமல் அடித்தது அதைவிடப் பெரிய மீறல் என்றும் முடிவு செய்திருந்தது. சுகிர்தா மூன்று மாதம் திருவிருந்து எடுக்கக் கூடாது, கோபுரக் கதவுக்குப் பூட்டுப் போட வேண்டும். தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்த ஞானதுரை சார், அதை வாசலில் நின்று படித்து முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, உள்ளே வந்து காற்று மெத்தையின் பம்பைச் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போதகர் நடந்ததை எல்லாம் சாட்சியாக எழுதிக் குழுவில் போட்டார், நாலு பேர் சுமந்த அந்த நாளைப் பற்றி. ஊர் அதைப் படித்து நெகிழ்ந்துபோயிற்று. நெகிழ்ந்த கைகள் அந்த நாலு பேர் வீட்டிலும் ஆசீர் வீட்டிலும் விழுந்தன.

அப்படி விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் பொன்மலர், மணி எதுவும் அடிக்காமலே, முதன்முறையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். துணி மடித்துத் தரட்டுமா மைனி என்று கேட்டாள். சுகிர்தா அவளைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னாள். ஒரு கையைத் தோளுக்கு அடியில் விடு, ஒன்றை இடுப்புக்கு அடியில் விடு, புண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்றாள். பொன்மலர் முகத்தைச் சுளித்தாள், பிறகு அதைச் சரிசெய்துகொண்டாள்.

சன்னலில் வைத்திருந்த அவளுடைய போன் ஓயாமல் கிணுகிணுத்தது. வெளியே தொப்பென்று ஒன்று விழுந்தது, அதன்மேல் இன்னொன்று.

“மைனி, கை விழுது” என்றாள் பொன்மலர்.

“விழட்டும். நீ பிடி.”

“அண்ணன் ரொம்பக் கனம்” என்றாள் அவள். அது அவளுக்கு அதுவரை தெரியாது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள், ஆசீர் முழுவதுமாக மறுபக்கம் புரண்டார், சன்னல் இருக்கும் பக்கம்.